கோபுரத்திலிருந்து என் குரல்

ஜூன் 9, 2025. திங்கள்

இன்று காலை ஆறு மணிக்குக் கோயில் கோபுரத்திலிருந்து நான் பேசினேன். அதே நேரத்தில் அடுப்படியில் நின்று பால் பொங்கி வருவதைப் பார்த்துக்கொண்டும் இருந்தேன். "நேரம் காலை ஆறு மணி" என்று நிறுத்தி, நிதானமாக. பிறகு ஒரு இறைவசனம். பால் வழிந்துவிட்டது.

பதிவு செய்தது போன மாதம். பூசைப் பொருள்கள் வைக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, விமல்ராஜ் நீட்டிய சின்ன மைக்கில் செபங்கள், எண்கள், செய்தித்தாள் என்று எதையெதையோ வாசித்தேன். விமல்ராஜ் பக்கத்து வீட்டுக்காரன். ஒரகடத்தில் கார் கம்பெனியில் சாஃப்ட்வேர் வேலை. கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவையில் ஒயர், ஸ்பீக்கர், கணினி எல்லாம் அவன் பொறுப்பு. ஃபாதர் என்னைக் கேட்டபோது மரியாதைக்காக மறுத்தேன். ஒரு தடவைதான் மறுத்தேன்.

வேறு யாரைக் கேட்பார்கள்? காஞ்சிபுரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஓய்வு பெறும்வரை இந்தக் குரலை வைத்துத்தான் சாப்பிட்டேன். அதற்கு முன் கான்வென்ட். சொல்லின் கடைசி எழுத்தை விழுங்கினால் சிஸ்டர் வகுப்பு முடியும்வரை நிற்க வைப்பார். என் வீட்டுக்காரர் இருந்தவரை சொல்வார்: "உன் முகத்துக்கு முன்னாடி உன் குரலத்தான் பாத்தேன்."

ஜூன் 12. வியாழன்

அடுத்த தெரு லூர்தம்மாள் வந்தாள். என்னைவிடச் சின்னவள். அதற்குரிய மரியாதையை இத்தனை வருட சிநேகத்தில் ஒரு நாளும் தந்ததில்லை.

"இன்னாடி பெர்னதெத்து, இத்தினி நாளு வூட்லதான் கத்திகினு இருந்த. இப்ப வானத்துல ஏறி கத்துற?"

"மணி சொல்கிறேன்."

"அல்லார் கையிலயும் போனு கீது. எவனுக்குடி மணி தெர்ல?"

அவள் தெருவில் இறங்கி நடக்கும்போது பதினொன்று ஆனது, நான் பேசினேன். அவள் நின்று அண்ணாந்து பார்த்தாள். ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஏனோ அந்தக் காட்சி நாள் முழுதும் கண்ணில் இருந்தது.

ஜூன் 22. ஞாயிறு

இது பகலில் தூங்கும் ஊர். சுங்குவார்சத்திரம் பக்கத்திலிருந்து வரும் கம்பெனி பஸ்கள் காலையில் நைட் ஷிஃப்ட் பெண்களை இறக்கிவிட்டுப் போனால், மாடிகளில் ஒவ்வொன்றாகத் திரை விழும். கொடிகளில் நீலச் சட்டைகள் ஆடும். அதற்கப்புறம் தெரு தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் இருக்கும். காய்கறி வண்டிக்காரர்கூடக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

என் மாடியில் குடியிருக்கும் இசக்கி இன்று இறங்கி வந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். செல்போன் தயாரிக்கும் கம்பெனியில் அசெம்பிளி லைனில் நிற்கிறாள்.

"ஆச்சி, நீங்க என் கனவுக்குள்ள வந்துட்டீங்க."

"அப்படியா? என்ன செய்தேன்?"

"லைன்ல நிக்கேன். சூப்பர்வைசருக்குப் பதிலா நீங்க வந்து நின்னு, நேரம் பகல் பன்னிரண்டு மணிங்கீங்க. பதறி எந்திச்சு உக்காந்துட்டேன்."

"திரும்பப் படுத்துக்கொள்ள வேண்டியதுதானே?"

"ஒரு மணிக்குத் திரும்பவும் வாரீங்களே ஆச்சி!"

சிரித்துத்தான் சொன்னாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அவள் கம்பெனி வருவதற்கு முன்பிருந்தே இந்த ஊரில் கோயில் மணி அடிக்கிறது என்றேன். சற்றுக் கடுமையாகவே.

"மணி அடிச்சா ஒறங்கிருவேன் ஆச்சி. மனுசக் குரலு கேட்டா எப்படி ஒறங்க? யாரோ கூப்பிடுத மாதிரில்லா இருக்கு."



ஜூலை 3. வியாழன்

"நாளை காலை குடிநீர் வராது" என்று சொன்னேன்.

நான் எங்கே சொன்னேன்? பதிவில் அப்படி ஒரு வாக்கியமே இல்லை. துணி மடித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. விமல்ராஜைக் கூப்பிட்டேன்.

"பெரிம்மா, நீங்க படிச்சத அப்டியே திருப்பிப் போடல. உங்க கொரல சாஃப்ட்வேர் கத்துகிச்சு. கோயில் ஆபீஸ்ல டைப் பண்ணா போதும், நீங்க பேசுவீங்க."

"நான் பேசுவேனா?"

"உங்க வாய்ஸ் பேசும்."

"அது வேறு, நான் வேறா?"

தலையைச் சொறிந்தான். பிறகு, என் மனதைக் குளிர வைக்க நினைத்து, "உங்களுக்கு அப்பறமும் பேசும் பெரிம்மா. நூறு வருஷம் ஆனாலும் இதே மாதிரி" என்றான்.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மத்தியானம் படுத்துக்கொண்டு, இன்னும் பிறக்காத பெண்கள் எந்தக் கம்பெனி பஸ்ஸிலிருந்தோ இறங்கி, என் குரல் சொல்லும் மணியைக் கேட்டபடி வீட்டுக்கு நடப்பதை நினைத்துப் பார்த்தேன். அவர்களுக்கு நான் யாரென்று தெரியாது. மழை மாதிரி, ஏரிக்காற்று மாதிரி ஒன்று. அப்படியே தூங்கிப்போனேன். நல்ல தூக்கம்.

ஜூலை 4

தண்ணீர் வரவில்லை. நான் சொன்னது சரிதான்.

ஜூலை 13. ஞாயிறு

பூசை முடிந்து வாசலில் ஒரே விவாதம். மாடியில் குடிவைத்திருப்பவர்கள், பெண்கள் தூங்க முடியாமல் வேறு ஊருக்கு வீடு பார்க்கிறார்கள் என்றார்கள். இன்னொரு கூட்டம், எல்லாவற்றையும் கம்பெனிக்காக விட்டுக்கொடுத்தாயிற்று, கோயிலையுமா என்றது. "டெக்னாலஜி வந்தாலும் திட்றீங்க, வரலன்னாலும் திட்றீங்க" என்று விமல்ராஜ் சலித்துக்கொண்டான். கண் தெரியாத சந்திரம்மாள் ஒரே வார்த்தையில் அடக்கினாள்: "எனக்கு மாத்திரை போடறதுக்கு அந்தக் கொரல வுட்டா நாதி இல்ல." ஃபாதர் பார்க்கலாம் என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஜெபமாலையைப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். இசக்கி சொன்னதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கோபுரத்தில் இருக்க எனக்குப் பிடித்திருக்கிறது. எழுதிவிடுகிறேனே, யார் படிக்கப்போகிறார்கள்.

வரும் வழியில் லூர்து கேட்டாள்: "ஊர்ச் சேதி அல்லாத்தையும் நீதான் சொல்லுவன்னா, நீ செத்தா யாருடி சொல்லுவா?"

யோசித்தேன். "நானேதான்."

அவள் சிரித்த சிரிப்பில் மதகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டாள். "பெர்னதெத்து பூட்டான்னு பெர்னதெத்தே சொல்லுவா! பயந்துகினு ஒருத்தன் சாவுக்கு வர மாட்டான்டி!" சிரிப்பு இருமலானது. இருமல் நிற்க நேரமாயிற்று. அதுவரை என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 11. திங்கள்

லூர்துவை மகள் பிரவீனா சென்னைக்குக் கூட்டிப் போகிறாள். மூச்சிரைப்பு. நல்ல டாக்டர் என்கிறாள். காரில் ஏறும்போது, "அங்க வரைக்கும் உன் கூச்சல் கேக்காதுடி, நிம்மதி" என்றாள். நான் எட்டு முழப் பேச்சு ஒன்று வைத்திருந்தேன். "மாத்திரையை மறக்காதே" என்று மட்டும் வாயில் வந்தது.

ஆகஸ்ட் 21. வியாழன்

எழுதிவிட வேண்டும். எழுதினால்தான்...

மத்தியானம் கட்டிலில் சாய்ந்திருந்தேன். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. மின்விசிறி. கொடியில் இசக்கியின் சட்டை. நான் பேச ஆரம்பித்தேன். இரண்டு மணி என்று சொல்லப்போகிறேன் என்று நினைத்தேன். "மரண அறிவிப்பு" என்றேன். "நமது பங்கைச் சேர்ந்த லூர்தம்மாள் அவர்கள் இன்று பகல் சென்னையில் இறைவனடி சேர்ந்தார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கிறோம்."

என்ன தெளிவு. கடைசி எழுத்துவரை.

கனவு என்றுதான் நினைத்தேன். கனவில் நான்தான் சொல்கிறேன், ஆகவே நான் நிறுத்திவிடலாம் என்று வாயை இறுக மூடிக்கொண்டேன். அது இரண்டாம் முறையும் சொன்னது.

எனக்குத் தெரியாதது என் குரலுக்குத் தெரிந்திருந்தது.

எப்படிடி சொன்னே நீ? எனக்கே தெரியாம எப்படிடி சொன்னே? குரல் கூடவா அசையல? குடிதண்ணி வராதுன்னு சொன்னியே, அதே மாதிரி...

யாராவது வருவார்கள் என்று வாசலில் உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. இஸ்திரிக்காரர் தேய்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் நானே எழுந்து போய் எதிர்வீட்டுக் கனகத்திடம், "லூர்துக்கு என்ன?" என்று கேட்டேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியாதா? நீங்கதானம்மா இப்ப சொன்னீங்க?"

ஆகஸ்ட் 22. வெள்ளி

அடக்கம் முடிந்தது. முகம் அமைதியாக இருந்தது. அவளுக்குப் பொருந்தாத அமைதி.

விமல்ராஜ் வீட்டுக்கு வந்து நின்றான், உட்காரவில்லை. பிரவீனா கோயில் ஆபீசுக்குப் போன் செய்திருக்கிறாள். அவர்கள் டைப் செய்துவிட்டார்கள். என்னிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"உங்களுக்குத் தெரியும்னே அல்லாரும் நெனச்சிட்டோம் பெரிம்மா. உங்க கொரல்ல கேட்டதும்... நீங்களே வந்து சொன்ன மாதிரி இருந்துச்சு."

அவனிடம் ஒன்று சொன்னேன். எக்ஸ்சேஞ்சில் தந்திகளைப் போனில் படித்துச் சொல்லும் வேலையும் எங்களுக்கு உண்டு. சாவுத் தந்தி வந்தால் நான் உடனே படிக்க மாட்டேன். பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்பேன். உட்கார்ந்துகொள்ளுங்கள் என்பேன். எடுத்தவர் குழந்தையாக இருந்தால் பெரியவர்களைக் கூப்பிடச் சொல்லிக் காத்திருப்பேன். விதியில் அப்படி எதுவும் இல்லை. லைனை அடைத்துக்கொண்டு என்ன செய்கிறாய் என்று சூப்பர்வைசர் கத்துவாள். கத்தட்டும். முகம் தெரியாதவர்களுக்கே அவ்வளவு செய்த குரல் இது.

"அத அதுக்குச் சொல்லித் தர முடியாதா பெரிம்மா?" என்று கேட்டான். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டான். "ஸ்பீடு கொறைக்கலாம். நடுவுல கேப் வெக்கலாம்."

"யாருக்காக நிறுத்துகிறோம் என்று அதற்குத் தெரியுமா?"

வாசலில் கழற்றிய செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

ஆகஸ்ட் 31. ஞாயிறு

பங்குப் பேரவை. என் குரலை எடுத்துவிடுங்கள் என்று சொல்லத்தான் போனேன். அது என்னுடையது, திருப்பிக் கொடுங்கள் என்று. வாசலிலேயே சந்திரம்மாள் என் கையைத் தடவிக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டாள். "எட்த்துடாதம்மா" என்றாள். அவ்வளவுதான்.

எழுந்து சொன்னேன்: மணி சொல்லட்டும், தண்ணீர் வராததைச் சொல்லட்டும். பகலில் பெண்கள் தூங்கும் நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கட்டும். சந்திரம்மாளின் பகல் மாத்திரைக்கு நான் நேரில் போகிறேன். ஆனால் சாவை மட்டும் உயிருள்ள ஆள் சொல்ல வேண்டும். வீட்டாருக்கும் வேண்டியவர்களுக்கும் முதலில் நேரில் போய்ச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு மைக்.

"யாரு வருவா பெரிம்மா?" என்றான் விமல்ராஜ். "அல்லாரும் ஷிஃப்ட்ல இருப்பாங்க."

"நான்."

பின்னால் யாரோ கேட்டார்கள், "அப்ப நீங்க செத்தா?"

"அதற்கு உங்கள் மிஷினை வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

சிரித்தார்கள். ஃபாதர்கூட. சிரிக்க வேண்டியவள் இல்லை.

செப்டம்பர் 8. திங்கள்

ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். பகல் முழுதும் நான் பேசவில்லை. பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் காது தானாகக் கோபுரத்தைத் தேடியது. வெட்கம்தான்.

சாயந்திரம் இசக்கி முகமெல்லாம் வீங்கி இறங்கி வந்தாள். "ஆச்சி, நல்லா ஒறங்கிட்டேன். என்ன கனவுன்னுகூட நெனவில்ல."

அக்டோபர் 15. புதன்

சவரிமுத்து அதிகாலையில் போய்விட்டார். பிள்ளைப்பாக்கத்தில் நிலம் வைத்திருந்தவர், பிற்பாடு ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேன். ஆபீசிலிருந்து என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள்.

நேரே அவர் தங்கை வீட்டுக்குப் போனேன். பனி இறங்கியிருந்தது. ஹெட்லைட் போட்டுக்கொண்டு பஸ்கள் மிதந்து போயின. அந்த அம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே மருமகள் இருக்கிறாளா என்று கேட்டேன். இருக்கிறாள். உட்காரச் சொன்னேன். என் முகத்தைப் பார்த்தே, "அண்ணனா?" என்றாள். கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் அழுது ஓயும்வரை அங்கேயே இருந்தேன்.

அதற்குப் பிறகுதான் கோயில். மைக்கைப் போட்டதும் ஸ்பீக்கர் கீச்சென்றது. "மரண அறிவிப்பு" வரை சரியாக வந்தது. "சவரி" என்றதும் குரல் உடைந்தது. அந்த அம்மாவின் கோலமாவு இன்னும் என் விரலில் இருந்தது. நிறுத்தினேன். இருமினேன். முதலிலிருந்து சொன்னேன். மறுபடி நடுவில் நிறுத்த வேண்டியிருந்தது. கடைசி வார்த்தையின் கடைசி எழுத்து வெளியே வந்ததா என்றே தெரியவில்லை. சிஸ்டர் கேட்டிருந்தால் நிற்க வைத்திருப்பார்.

திரும்பும் வழியில் பச்சையப்பன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ கேட்டேன்.

"டீ இல்லம்மா. அடுப்ப அணைச்சிட்டேன். சவரி பூட்டாராமே, சேதி வந்துச்சி. கேட்டதுல இருந்து கையே ஓடல. எடுத்துகினு போற வரைக்கும் கடை வாணாம்னுட்டேன்." கண்ணாடித் தம்ளர்களைக் கவிழ்த்துக்கொண்டே கோபுரத்தைப் பார்த்தார். "விமல்ராஜ் கைல சொல்லுங்கம்மா. மிஷினு ரிப்பேரு போல. கொரகொரன்னு நின்னு நின்னு போவுது."

"சொல்கிறேன்" என்றேன்.

அவர் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு, பனி விலகும்வரை அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.