மெத்தை சீட்டு வைத்த ஜீப்

சேசு மரி சூசை

தென்னூர், திருச்சி
9-2-1964, ஞாயிறு

அன்பு மகன் இன்னாசிராஜுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீ உடம்பு நோவில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, வேலையிலும் கவனமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் சர்வேசுரன் கிருபையால் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதச் சொல்ல வாய் வரவில்லை, இருக்கிறோம் என்று மட்டும் வைத்துக்கொள். எப்போதும் போல நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி பேட்ரிசியாதான் எழுதுகிறாள். நான் சொல்வதை அவள் கொஞ்சம் திருத்தி, அழுகையை எல்லாம் எடுத்துவிட்டு எழுதுவாள் என்பது எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் விடக்கூடாது, மாற்றக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். சரி என்று தலையாட்டியிருக்கிறாள்.

உன் கடிதம் போன திங்கட்கிழமை வந்தது. ஈப்போவில் உன் முதலாளி மரம் இழுக்கிற காட்டு வேலைக்குப் புதிதாக ஒரு ஜீப் வாங்கப்போவதாகவும், இரண்டு விதம் இருப்பதாகவும், ஒன்றில் முன்னால் கம்பிக் கயிறு சுற்றி இழுக்கிற உருளை இருக்கிறது, உட்கார வெறும் பலகைதான், இன்னொன்றில் உருளை கிடையாது, ஆனால் மெத்தை சீட்டும் கதவும் இரும்புக் கூரையும் இருக்கிறது, இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை, எதை எடுப்பது என்று முதலாளி உன்னையே முடிவு பண்ணச் சொல்லிவிட்டார், அப்பாவைக் கேட்டு எழுதுங்கள் என்றும் எழுதியிருந்தாய். பேட்ரிசியா அதை உரக்கப் படித்தாள். அப்பா கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். உருளை வைத்ததை எடுக்கச் சொல் என்று மட்டும் சொன்னார். மூன்று நாளாக அவர் பேசிய பேச்சு அதுதான். நீ ஒன்றும் தெரியாமல் கேட்டாய், உன் மேல் குற்றமில்லை. உனக்குத் தெரியாமல் வைத்திருந்தது நாங்கள்தான்.

நவம்பரில் அப்பா மலையில் வழுக்கி விழுந்து காலில் அடி, ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டிருக்கிறது, பயமில்லை என்று எழுதினோம் அல்லவா. கால் ஒடிந்தது உண்மை. மற்றது உண்மையில்லை. தூரதேசத்தில் ஒற்றையாக இருக்கிற பிள்ளை, தெரிந்தால் வேலையை விட்டுவிட்டுக் கப்பலேறிவிடுவான் என்று பயந்து அப்படி எழுதினோம். இப்போது முழுவதும் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

அப்பா பதினோரு வருஷமாக வண்டி ஓட்டுகிற ஜெகபர் அலி முதலாளி, மலைக்கோட்டைக்குக் கீழே மண்டி வைத்திருப்பவர், பச்சைமலையிலிருந்து சரக்கு இறக்குவதற்கு ஜூலை மாதம் ஒரு ஜீப் வாங்கினார். அதுவரைக்கும் லாரி அடிவாரத்தோடு நின்றுவிடும், அங்கிருந்து தலைச்சுமைதான். ஜீப் விற்கிறவர்கள் கொடுத்த புத்தகம் முழுக்க இங்கிலீஷ். சவரி, உன் பொண்ணு பி.ஏ. பாஸ் பண்ணியிருக்கே, அதைக் கூட்டிட்டு வா, படிச்சுச் சொல்லட்டும் என்று முதலாளி சொல்லியனுப்பினார். அன்றைக்கு உன் அப்பாவுக்கு இருந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும். காக்கிச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, தெருவில் போகிறவரை எல்லாம் நிறுத்தி, முதலாளி என் மகளைக் கூப்பிட்டிருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே போனார். இவளோ நாலு ஆண்பிள்ளைகள் நடுவில் போய் நிற்க வேண்டுமே என்று வாசல்வரை போய் இரண்டு தடவை திரும்பி வந்தாள்.

கடையில் மூன்று வண்டி நின்றதாம். ஒன்று மொட்டை வண்டி, பின்சக்கரம் மட்டும் இழுப்பது, மேலே துணி, விலை குறைவு. இரண்டாவது அதேதான், ஆனால் பளபளவென்று பச்சைப் பெயிண்ட், மெத்தை சீட்டு, பக்கத்துக்குக் கதவு, சாமான் வைக்கத் தட்டு எல்லாம் உண்டு. மூன்றாவது நாலு சக்கரமும் சேர்ந்து இழுப்பது, அப்பா ஃபோர் வீல் என்பாரே, அது. அதில் சீட்டு வெறும் தகரம், பெயிண்டும் மங்கல். இரண்டாவதும் மூன்றாவதும் விலையில் கிட்டத்தட்ட ஒன்று. முதலாளியின் தம்பி தாஜுதீனும் வந்திருந்தான். அவனுக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. சிரித்த முகம், வயசு வித்தியாசம் பார்க்காமல் அப்பாவிடம் கேலி பேசுவான். பச்சை வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, இது மலைக்கும் ஆச்சு, வீட்டுப் பொம்பளைங்களை ஏத்திக்கிட்டு விசேஷத்துக்குப் போகவும் ஆச்சு, அந்தத் தகரத்துல உட்கார்ந்தா இடுப்பு ஒடிஞ்சிரும், ஏறாத இடத்துல நான் இறங்கித் தள்ளுறேன் சவரியண்ணே என்றானாம். முதலாளி அப்பாவைப் பார்த்து, சவரி நீ சொல்லு, இது போதுமா என்று கேட்டார். அப்பாவுக்கு மூன்றாவது வண்டிமேல்தான் கண். ஆனால் முதலாளி வீட்டார் ஆசைப்பட்டு நிற்கும்போது டிரைவர் எப்படி வேண்டாம் என்பது. நீங்க எதை வாங்கினாலும் ஓட்டுறேன் முதலாளி என்றார். பதினோரு வருஷம் சோறு போட்ட இடத்தில் நம்ம ஆள் வேறென்ன சொல்வார், நீயே சொல்.

பிறகு முதலாளி பேட்ரிசியா பக்கம் திரும்பி, புத்தகத்தில் வேறு ஏதாவது போட்டிருக்கிறதா பாப்பா என்று கேட்டார். இவள் அதற்குள் முழுவதும் படித்துவிட்டாள். பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி போட்ட ரோட்டுக்குத்தான், சேறும் ஏற்றமும் உள்ள மலைப் பாதைக்கு நாலு சக்கரமும் இழுக்கிறதைத்தான் எடுக்க வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் தெளிவாகப் போட்டிருந்தது. இவள் சொன்ன பதில் இல்லைங்க என்பது. ஏன் அப்படிச் சொன்னாய் என்று பிறகு கேட்டேன். அப்பா ஓட்டுகிறேன் என்று சொல்லியாகிவிட்டது, அதற்கு மேல் நான் பேசினால் அப்பாவுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்ததாக ஆகிவிடுமே, எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்களே என்று இருந்தது என்றாள். இதை எழுதும்போது அவள் கை நின்றுவிட்டது. எழுது என்றேன். எழுதுகிறாள்.

நவம்பர் எட்டாம் தேதி வெள்ளிக்கிழமை. இரண்டு நாளாக மழை. மலைமேல் மூட்டைகள் நனைகின்றன என்று தாஜுதீனும் அப்பாவும் காலையில் புறப்பட்டார்கள். அடிவாரத்தில் அப்பா, இன்றைக்கு வேண்டாம், பாதை காயட்டும் என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறார். தாஜுதீன் கேட்கவில்லை, அப்பாவும் இரண்டாம் தடவை சொல்லவில்லை. மூன்றாவது வளைவில் செம்மண் சேற்றில் பின்சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றியிருக்கிறது. முன்சக்கரம் சும்மா நின்றது. தாஜுதீன் செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு இறங்கி, சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்து, சொன்னபடியே தள்ளியிருக்கிறான். கல் சேற்றில் அமுங்கிவிட்டது. அப்பா பிரேக்கை மிதித்தபடிதான் இருந்தார், சக்கரம் சுற்றவே இல்லை, வண்டி அப்படியே கோணலாக வழுக்கிக்கொண்டு பின்னால் வந்து பாறையில் மோதி நின்றது. அந்தப் பிள்ளை நடுவில். கதவு நசுங்கி அப்பாவின் கால் உள்ளே மாட்டிக்கொண்டது. இறங்க முடியவில்லை. மலை ஆட்கள் வந்து சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரமும் அவன் அண்ணே அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தானாம், கடைசியில் நின்றுவிட்டதாம். அப்பா இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

அசட்டையாக வண்டி ஓட்டி உயிரைப் போக்கியதாக அப்பா மேல் கேஸ். இப்போது ஜாமீனில் இருக்கிறார், லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். முதலாளி போலீசில், இது போதும் என்று டிரைவர் சொன்னதால்தான் அந்த வண்டியை வாங்கினேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லமாட்டேன். தம்பியைப் புதைத்துவிட்டு வந்த மனுஷன், அப்பா சொன்னது அவர் காதில் அப்படித்தான் விழுந்திருக்கும். இந்த மாதம் பதினேழாம் தேதி திங்கட்கிழமை துறையூர் கோர்ட்டில் விசாரணை. நமக்காக வாதாடுகிற வக்கீல் ஐயா வந்து பார்த்துவிட்டு, வண்டி அந்தப் பாதைக்குச் செய்ததே இல்லை என்று காட்டினால் சவரிராயன் மேல் தப்பு நிற்காது, இல்லாவிட்டால் ஜெயில் நிச்சயம், புத்தகம் எங்கே என்று கேட்டார். வண்டி வாங்கிய அன்றைக்கே முதலாளி அதை நீயே வச்சுக்க என்று பேட்ரிசியாவிடம் கொடுத்துவிட்டாராம். இவள் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள். புத்தகம் மட்டும் போதாது, வாங்கும்போது இதைப் படித்தவர் யார், படித்ததை ஏன் சொல்லவில்லை என்று எதிர்த்தரப்பு கேட்கும், படித்தவர் கூண்டில் ஏற வேண்டும் என்றார். அப்போதுதான் இவள் எங்களிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று மாதம் எங்களோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஸ்ரீரங்கம் பள்ளிக்கூடத்துக்கு பஸ் ஏறிப் போய்ப் பாடம் நடத்திவிட்டு வந்து, என்னோடு ஜெபமாலை சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டு, இதை உள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். பெற்றவள் எனக்குத் தெரியவில்லை. இளைத்துப்போகிறாளே, பஸ் அலைச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

உன் அப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. அவள் மேல் கோபம் கூட இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு உயிர் போனதுக்கு எம் பொண்ணு வாயை மூடிக்கிட்டு இருந்ததுதான் காரணம்னு கோர்ட்டுல எழுதிக்க வேணாம், நான் உள்ள போயிட்டு வர்றேன், வண்டியை மிதிச்சது நான்தானே என்கிறார். டெம்பரவரி வேலை, அது போய்விடும், நாளைக்கு யார் வந்து பெண் கேட்பார்கள் என்றும் சொல்கிறார். அதெல்லாம் எனக்கும் தெரியும். இருபத்தொரு வயசுப் பெண். இந்தத் தெருவில் காலேஜுக்குப் போன முதல் பெண் என்று இவளைக் காட்டித்தான் மற்றவர்கள் தங்கள் பெண்களைப் படிக்க அனுப்பினார்கள். படித்தும் என்ன ஆயிற்று என்று அவர்களே கேட்பார்கள். ஒரு பக்கம் நடக்க முடியாத மனுஷன், ஒரு பக்கம் இவள். யாரைக் கொடுப்பது என்று பத்து நாள் நான் தூங்கவில்லை. கடைசியில் நான் ஒன்றும் முடிவு பண்ணவில்லை, அவள்தான் பண்ணினாள். கோர்ட்டுக்குப் போவேன், அதற்கு முன்னால் ஆபிதாவிடம் சொல்ல வேண்டும், அவள் கோர்ட்டிலிருந்து கேள்விப்படக்கூடாது என்றாள். ஆபிதாதான் தாஜுதீன் பெண்சாதி, பத்தொன்பது வயசு, புருஷனுக்காக இத்தாவில் இருக்கிறாள், மார்ச் மாதம் வரை வெளியே வரமாட்டாள்.

நேற்று இரண்டு பேரும் முதலாளி வீட்டுக்கு நடந்தே போனோம். அந்த வீட்டுக்கு நான் எத்தனையோ நாள் போய்ப் பலகாரம் சாப்பிட்டிருக்கிறேன், நேற்று அந்நியர் மாதிரி வாசலில் நின்று கதவைத் தட்டினோம். முதலாளி சம்சாரம் கதவைத் திறந்தாள், வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை, வழி மட்டும் விட்டாள். உள் அறையில் ஆபிதா வெள்ளைச் சேலையோடு பாயில் உட்கார்ந்திருந்தாள். பேட்ரிசியா அவள் எதிரில் உட்கார்ந்து, நான் உனக்கு எழுதியதைப் போலவே ஒன்று விடாமல் சொன்னாள். நாலு பேர் முன்னால் வாயைத் திறக்காதவள், நிறுத்தாமல் சொன்னாள். ஆபிதா கொஞ்ச நேரம் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்: “மெத்தை சீட்டு வேணும்னு கேட்டது நான்தான் அக்கா. நீங்க சொல்லியிருந்தாலும் அவங்க அதைத்தான் வாங்கியிருப்பாங்க. ஆனாலும் நீங்க சொல்லியிருக்கணும்.” அவ்வளவுதான். அடுத்த அறையில் முதலாளி இருமுகிற சத்தம் கேட்டது, ஆனால் அவர் வெளியே வரவில்லை. நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். வழி முழுக்க இவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவுக்குக் கஞ்சி கலக்கிக் கொடுத்தாள், அவர் வாங்கிக் குடித்தார்.

நீ அங்கே உருளை வைத்த வண்டியையே எடு. உன் முதலாளிக்கு மெத்தை சீட்டு பிடித்திருந்தாலும், அது ஆகாது என்று வாயைத் திறந்து சொல்லிவிடு, கோபித்தால் கோபிக்கட்டும். அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. கேஸைப் பற்றி ஒன்றும் கேட்காதே. எந்த டயர் போடுவது, சேற்றில் எந்தக் கியரில் ஏறுவது என்று கேட்டு எழுது, பதில் சொல்வதற்காகவாவது வாயைத் திறப்பார். சாம்பல் புதன் வருகிறது, தபசு காலத்தில் வெள்ளிக்கிழமையாவது பூசை பார். மழையில் நனைந்த துணியோடு படுக்காதே.

தங்கச்சியைக் கூண்டில் ஏற்றாதே, நானே கப்பலேறி வந்து கேஸைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நீ எழுதுவாய், தந்தியும் அடிப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா. அதனால் இந்தக் கடிதத்தை இன்றைக்கு எழுதிவிட்டு வெள்ளிக்கிழமைதான் தபாலில் போடப்போகிறேன். இதை இவளுக்கும் இப்போதுதான் சொல்கிறேன், எழுதிக்கொண்டே என்னைப் பார்க்கிறாள். நீ இதைப் படிக்கும்போது அவள் சொல்லி முடித்திருப்பாள். அப்பா வீட்டில் இருப்பாரா மாட்டாரா என்பது எனக்கு இன்றைக்குத் தெரியாது. அவள் சொல்லியிருப்பாள் என்பது மட்டும் தெரியும்.

தேவமாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக. உன் தலைமேல் கை வைத்து ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு
உன் அம்மா
வியாகுலம்மாள்

அம்மா சொன்னபடி ஒரு வார்த்தையும் விடாமல் எழுதியது: பேட்ரிசியா