வலிக்காத கடி

நேற்று புதுப்பட்டினம் மீன் சந்தையில் சங்கரா வாங்கக் குனிந்தேன். கூடையில் மீன்களுக்கு அடியில் பட்டை பட்டையாய் ஒரு பாம்பு கிடந்தது. வால் மட்டும் துடுப்பு மாதிரி தட்டை. "வலையோட வந்துடுச்சிம்மா. செத்துப்போனது, இன்னாத்துக்குப் பயப்படுற?" என்று விற்கிற அம்மா அதை எடுத்து ஓரமாகப் போட்டாள். மீன் வாங்காமலே திரும்பிவிட்டேன். நீ போய் அரை நூற்றாண்டு ஆகப்போகிறது, உன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

செங்கல்பட்டுக் கல்லூரியில் நம் உயிரியல் துறையில் ஆளுக்கொரு ஆராய்ச்சி. எனக்குக் கடல்பாசி. ஒருவருக்கு மீன் செவுளில் ஒட்டும் புழு, இன்னொருவருக்குத் தவளைத் தோல். உனக்குப் பாம்பு. பெண்பிள்ளைக்குப் பாம்பு எதற்கு என்று எல்லாரும் கேட்டபோது, "பாசி கடிக்காதே, அதுல என்ன சுவாரசியம்?" என்று என்னையே வம்புக்கு இழுத்தவள் நீ. சில வருஷம் கண்ணாடி விரியன் விஷத்தோடு கிடந்தாய். பிறகு கடல்பாம்பின் பக்கம் திரும்பினாய். துறையில் யாரும் அதைத் தொட்டதில்லை, அதனாலேயே உனக்கு அது வேண்டியிருந்தது.

அந்தக் காலையில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே மீனவர்கள் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்துப் பாறையில் பாசி சுரண்டிக்கொண்டிருந்தேன். வலையில் வரும் பாம்பை வாலைப் பிடித்துக் கடலுக்கே வீசிவிடுவது அவர்கள் வழக்கம். அன்று வலையில் வந்த பாம்பை வாங்க நீ கையை நீட்டினாய். வலைக்காரர் சிரித்தார். "புடிச்சிக்கோம்மா, இது கடிக்காது. எங்க வூட்டுப் பசங்களே வெச்சி வெளையாடிகினு இருக்கும்."

கடித்தது. கட்டைவிரலுக்கு அடியில் முள் குத்தியது போல இரண்டு புள்ளி. கழுவிக்கொண்டு வந்து கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாய். "பாரு, வீக்கம் இல்ல, வலி இல்ல. விஷம் இறங்கவே இல்லடி."

விரியன் கடித்த கை எப்படி வீங்கும் என்று உன்னைவிடத் தெரிந்தவர் நம் துறையில் இல்லை. அந்த அளவுகோலை வைத்தே இதையும் அளந்தாய். நானும் நம்பினேன். நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டியவர்கள், பாசி வாளியோடு வழக்கமான பஸ்ஸுக்குக் காத்து நின்றோம்.

பஸ்ஸில் தொடை கடுக்கிறது என்றாய். மணலில் நடந்த அசதி என்று இருவருமே சொல்லிக்கொண்டோம். திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றதும் வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தேன். உரித்தாய். வாய்வரை கொண்டுபோனாய். வாய் திறக்கவில்லை.

என்னைப் பார்த்தாய். பாதி இறங்கிய இமைக்குக் கீழே உன் கண்ணில் பயம் இருந்தது. அதோடு, பாழாய்ப்போன ஆர்வமும் இருந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பல்லிடுக்கு வழியே சொன்னாய்: "தாடை இறுகுது. இமை இறங்குது. கடிச்ச இடத்துல இப்பவும் வலி இல்ல. ஞாபகம் வச்சுக்கோ."

"பேசாதேடி" என்று கத்தினேன். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒரு கிழவர் எழுந்து, "அண்ணாத்த, எங்கியும் நிறுத்தாத, நேரா ஆஸ்பத்திரிக்கு வுடு" என்று டிரைவரிடம் சொன்னார். டிரைவரும் அப்படியே விட்டார். டாக்டர் உன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடல்பாம்பு விஷத்துக்கு அங்கே மருந்து இல்லை என்றார். மறுநாள் சிறுநீர் கறுத்து வந்தது. சாயங்காலம் மூச்சு நின்றது. கை கடைசிவரை வீங்கவே இல்லை.

உனக்குப் பிறகு துறையில் அந்த ஆராய்ச்சியை யாரும் எடுக்கவில்லை. நான் பாசியோடு வேலை பார்த்து, பாசியோடு ஓய்வு பெற்றேன்.

போன மாதம் என் கணவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். ஐயோ என்று அலறியிருந்தால் நிம்மதியாய் இருந்திருப்பேன். "ஒண்ணும் ஆகல, வலிக்கவே இல்ல" என்று எழுந்து உட்கார்ந்தார். நான் சாப்பாட்டு வேளைவரை அவர் பக்கத்தைவிட்டு நகரவில்லை. தட்டைப் போட்டு, எதிரே உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் கவளத்துக்கு அவர் வாயைத் திறந்த பிறகுதான் அழுதேன்.