மணிக்கூண்டிலிருந்து குதித்தவள்

1996 மார்ச் 3, ஹாங்காங்

எனக்கு எழுத்து வராது. நான் சொல்ல, கீழ்மாடி ஹோ எழுதுகிறாள். ஸ்டூடியோவில் முப்பது வருடம் உடை தைத்தவள். செத்துப்போன என் மனைவி யுன்-மூய்க்கு உயிர்த்தோழி.

இன்று பல்கலைக்கழகத்திலிருந்து யிப் அம்மாள் வந்தாள். ‘இரட்டை வாள் விதவை’யைப் புதுப்பித்து மறுபடி திரையிடப் போகிறார்களாம். விதவை மணிக்கூண்டிலிருந்து குதிக்கிறாளே, அது பெண்ணின் விடுதலையாம். அதுவரை திரையில் அழுதுகொண்டே இருந்த பெண் அந்தக் குதியில்தான் நிமிர்ந்தாளாம்.

ஹோ விடவில்லை. “நிமிர்ந்தாளா? குதிச்சவ அப்புறம் எந்திரிக்கவே இல்லம்மா. இடுப்பு நொறுங்கி ஒன்பது வருஷம் படுத்துக் கெடந்து செத்தா. உங்க கதாநாயகி நெழல்ல ஒக்காந்து பழம் தின்னுட்டு இருந்தா.”

கதாநாயகிக்குப் பதிலாகக் குதித்தவள் என் யுன்-மூய்.

மார்ச் 9

யிப் அம்மாள் மறுபடி வந்தாள். “நீங்க சொன்னதுக்கு நேர்மாறா இருக்கே ஐயா. படத்தோட பழைய பெயர்ப் பட்டியல்ல ‘மணிக்கூண்டுக் குதி: லோய் காம்-தோங்’னு உங்க பேருல்ல இருக்கு? ஆம்பளைங்க விக் வெச்சுக் குதிச்சாங்கன்னு நான் ஒரு அத்தியாயமே எழுதி வெச்சிருக்கேன்.” பெண்ணின் வீரத்தை ஆண் உடம்பு திருடியது என்று அத்தியாயமாம்.

ஹோ கொதித்தாள். “திருடினது ஸ்டூடியோக்காரன், அதை எழுதும்மா! அவ பேரு திரையில வந்தாத்தான் இந்தக் கெழவன் நிம்மதியா கண்ண மூடுவான். இல்லையாண்ணே?”

ஆமாம் என்றேன். பொய்யில்லை. வேறு எதுவும் எனக்கு வேண்டியதில்லை.

“ஆதாரம் இல்லாம மாத்த மாட்டாங்க. பட்டியல் யார் குடுத்ததுன்னு பழைய காகிதத்துல தேடறேன்” என்றாள் யிப் அம்மாள்.

என் டீ ஆறிப்போயிற்று.

மார்ச் 10

கஞ்சி இறங்கவில்லை. வேறொன்றும் இல்லை.

மார்ச் 16

காலையில் யிப் அம்மாள் போன் செய்தாள். காகிதம் கிடைத்துவிட்டது. கீழே ஒரு கைநாட்டு.

அவள் சொல்லி உனக்குத் தெரிவதற்கு முன் நானே சொல்கிறேன். எழுது ஹோ. நிறுத்தாதே.

எங்கள் சண்டைக் குழுவில் ஒரு வழக்கம். பிணமாக நடித்தவனுக்குச் சிவப்பு உறையில் காசு கொடுத்துத் தோஷம் கழிப்பார்கள். நிஜமாகவே விழுந்து கிடப்பவன் பெயரையோ படத்தில் போடமாட்டார்கள். போட்டால் அவன் பிழைக்கமாட்டான், படமும் ஓடாது.

ஆஸ்பத்திரி வாசலில் சண்டை மாஸ்டர் கேட்டார்: “பொண்டாட்டி பொழைக்கணுமா வேணாமா? அவ பேர எடுக்கச் சொல்லிக் கைநாட்டு வை. உன் பேரப் போட்டுக்கறேன். அடுத்த படத்துலேருந்து நீதான்டா குழுத் தலைவன்.”

முதலில் சொன்னதற்காகத்தான் கைநாட்டு வைத்தேன் என்று இருபத்தேழு வருடமாக எனக்கே சொல்லிக்கொள்கிறேன். கடைசியில் சொன்னதும் காதில் விழுந்ததுதானே? குழுத் தலைவனாகப் பதினாறு படம் பண்ணினேனே?

இன்னும் இருக்கிறது. சக்கர நாற்காலியில் வைத்து அவளைப் படத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அவளுக்கும் எழுத்துத் தெரியாது. “இதுல என் பேரு எதுய்யா?” என்றாள். சீனத்தில் என் பெயர் மூன்று எழுத்து, அதன் உருவம் மட்டும் எனக்கு அடையாளம் தெரியும். அதைக் காட்டினேன். யுன்-மூய் சிரித்தாள், ஹோ! வாய் நிறையச் சிரித்தாள். பக்கத்து நாற்காலிக்காரியைத் தொட்டு, “அது நான்தான்” என்று

மார்ச் 31

வாசல் காவலாளி லாவ் எழுதுகிறார். அன்று ஹோ பாதியில் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போனாள். போய்க் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்தே பதில் வருகிறது: “எழுத ஆளு வேணும்னா ஒன்கிட்ட கைநாட்டு வாங்கினவனப் போய்க் கேளு!” அண்ணன் என்பதும் போய்விட்டது.

யிப் அம்மாள் யுன்-மூய் பெயரைச் சேர்ப்பதாகச் சொன்னாள். என் பெயரை எடுக்கவேண்டி வரும் என்று தயங்கினாள். எடுங்கள் என்றேன்.

நேற்று திரையிட்டார்கள். தனியாகப் போனேன். அவள் குதித்தபோது கொட்டகை முழுக்கக் கை தட்டியது. முடிவில் எழுத்துகள் வரிசையாக மேலே ஏறின. என் மூன்று எழுத்து வரவில்லை, அது தெரிந்தது. அவளுடையது வந்ததா? எங்கே, எந்த வரிசையில்?

பக்கத்தில் ஒரு பெரியவர் கண்ணாடி போட்டுப் படித்துக்கொண்டிருந்தார். கேட்டிருந்தால் ஏதோ ஒன்றை விரல் நீட்டிக் காட்டியிருப்பார். அவளைப்போல நானும் நம்ப வேண்டியிருந்திருக்கும்.

கேட்கவில்லை.