ஐந்து கை கார்பன்

9.11.92, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பஸ் ஸ்டாப்பில் கணுக்கால் வரை தண்ணீர். குடையில் ஒரு கம்பி போய்விட்டது, ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டும்.

புது கேடலாக் வந்திருக்கிறது. வெளிநாட்டுக் கம்பெனி, எல்லாம் சாயப் பொருட்கள். தடிமனைப் பார்த்தால் பொங்கல் வரை இழுக்கும். வேலை எப்போதும் போலத்தான். பெயரைப் படி. பென்சிலால் வளையம் வளையமாக வரை. வளையத்தை எங்கே வெட்டி நீட்டினால் சுலபம் என்று பார். அப்புறம் ஒரே வரியில் எழுத்தாக எழுது. பென்சீன் என்றால் c1ccccc1. வரைந்த படம் கம்ப்யூட்டருக்குப் புரியாது, இந்த வரி புரியும். இதற்கு ஸ்மைல்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணம் கோமதி. (இனி கோ. முழுப் பேரையும் எழுதக் கை வரவில்லை.) நசரத்பேட்டைப் பெண். பி.எஸ்சி. கணக்கு, பூந்தமல்லியில் ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ். போன வருஷம் டைப் அடிக்கத்தான் எடுத்தார்கள். கெமிஸ்ட்ரி சுத்தமாகத் தெரியாது. சாப்பாட்டு நேரத்தில் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். மெதில் என்றால் என்ன, நைட்ரோ என்றால் என்ன. "கார்பனுக்கு நாலு கை, அதுக்கு மேல ஒண்ணு கேக்காது" என்று டிபன் பாக்ஸ் மூடியில் பட்டாணியை வைத்துக் காட்டினேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

இப்போது அதையெல்லாம் வைத்துப் புரோகிராம் எழுதிவிட்டாள். பெயரை டைப் அடித்தால் வரி தானாக வருமாம். படமும் வேண்டாம், பென்சிலும் வேண்டாம், நானும் வேண்டாம்.

மேனேஜர் ராகவன் சார் கூப்பிட்டுச் சொன்னார். "ஜனவரிலேருந்து செக்‌ஷனுக்கு ஒரு இன்சார்ஜ் போடறோம். வியாழக்கிழமை கோமதி செஞ்சதைப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்." அந்த நாற்காலி எனக்குத்தான் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் பக்கத்து மேஜை வசந்தா ஒரு ஆந்த்ரசீனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மூன்று வளையம் ஒட்டிக்கொண்டிருக்கும் சாமான். சுற்றி வரிசையாக எண்ணிக்கொண்டே போனால் தப்பு. முதலில் இரண்டு ஓர வளையங்கள், நடு வளையத்துக்குக் கடைசியில்தான் 9, 10. ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது, பழைய வழக்கம். தெரிந்தவர்களுக்குத் தெரியும். வசந்தா "நீ இல்லேன்னா நாங்க என்னடி பண்ணுவோம்" என்றாள். இரண்டு தரம் சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேன்.

10.11.92, செவ்வாய்

மழை விட்டது. கொசு.

ஏசி ரூம் வாசலில் கோ.வின் செருப்பு. நீல வார், ரப்பர். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்று செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். காலையில் கழற்றினால் சாயங்காலம் வரை அங்கேயே கிடக்கிறது. என் செருப்பு அந்த வாசலில் ஒரு நாளும் பத்து நிமிஷத்துக்கு மேல் இருந்ததில்லை. இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறேனே, எனக்கு வேறு வேலை இல்லையா.

அட்டெண்டர் மூர்த்தி அண்ணன் டீ வைக்கும்போது: "அந்தப் பொண்ணு தட்டுது, பேப்பர் தானா வந்துகினே கீது. நீ இன்னாம்மா, இன்னும் பென்சில் சீவிகினு கீறே?"

டீ ஆறிப்போனது. குடிக்கவில்லை.

பிரிண்டர் பக்கத்தில் கோ.வின் சோதனைத் தாள் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். 4-குளோரோ-2-நைட்ரோடொலுவீன்: Cc1c(N(=O)=O)cc(Cl)cc1. சரி. அடுத்தது சரி. அதற்கடுத்ததும் சரி. பக்கம் திருப்பினேன். நாப்தலீன், இரண்டு வளையம். அங்கேதான் மாட்டினாள்.

இரண்டு வளையமும் ஒட்டுகிற இடத்தில் உள்ள இரண்டு கார்பனுக்கும் தனி எண் கிடையாது. தாண்டித்தான் எண்ண வேண்டும். அவள் புரோகிராம் தாண்டாமல் எண்ணுகிறது. ஐந்தாம் இடம் என்றால் போய் அந்த ஒட்டுக் கார்பனில் ஒரு அமினோவைத் தொங்கவிடுகிறது. அதற்கு ஏற்கெனவே நாலு கையும் நிறைந்துவிட்டது. ஐந்தாவது கைக்கு எங்கே போகும்.

தாளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். அவளிடம் சொல்லவில்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓர சீட் கிடைத்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம் நல்ல பசி.

11.11.92, புதன்

வாங்க: கடுகு, ரின், அம்மாவுக்கு கால்வலித் தைலம்.

கோ. என் மேஜைக்கே வந்தாள். தலையில் கனகாம்பரம், கையில் எலுமிச்சம்பழம். "நேத்து மாங்காடு அம்மன் கோயில் போய் வந்தேன்க்கா. நாளைக்கு நல்லபடியா நடக்கணும்னு வேண்டிகினேன். உங்களுக்கும் சேத்துத்தான். கையிலயே வச்சுக்கங்க."

எனக்கும் சேர்த்து என்ன வேண்டியிருப்பாள். இரண்டு பேருக்கும் ஒரே நாற்காலியா கேட்டாள்.

ராகவன் சார்: "ஸ்டெல்லா, நாளைக்கு டெஸ்டுக்கு பேரெல்லாம் நீங்களே எழுதிக் குடுங்க. உங்களைவிட யாருக்குத் தெரியும்?" கோ. பக்கத்திலேயே நின்றாள். "ஆமா சார், அக்காவே குடுக்கட்டும்" என்றாள். பல்லெல்லாம் தெரிந்தது. அழகாக வேறு இருக்கிறாள், அதுவும் ஒரு கஷ்டம்.

எழுதினேன். முதலில் சுலபமாக நாலு, சந்தேகம் வராமல் இருக்க. அப்புறம் 1,5-டைஅமினோநாப்தலீன். அதன் கீழே இன்னும் மூன்று நாப்தலீன். பென்சிலைக் கூர் சீவிக்கொண்டு நிதானமாக எழுதினேன். பொறாமை என்றால் பொறாமைதான். இந்த டைரியிலாவது பொய் வேண்டாம்.

எலுமிச்சம்பழத்தை ராத்திரி சாதத்துக்குப் பிழிந்தேன். நல்ல சாறு.

12.11.92, வியாழன்

வெயில். காலையில் சாப்பிடவில்லை.

ஏசி ரூம் வாசலில் எல்லார் செருப்பும். என்னுடையது கோ. செருப்பின் மேல் ஏறிக் கிடந்தது. நகர்த்தவில்லை. உள்ளே ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் இன்னும் மானிட்டர் நெற்றியில் காய்ந்துபோய் இருக்கிறது.

முதல் நாலும் நான் மூச்சு விடுவதற்குள் வந்தன. ரா. சார் பென்சிலால் டிக் டிக் என்று போட்டார். ஐந்தாவது. கோ. டைப் அடித்தாள். நான் சார் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், திரையைப் பார்க்கவில்லை.

அவர் சிரித்தார். வசந்தா கை தட்டினாள். அப்புறம்தான் திரும்பினேன்.

ஒட்டுக் கார்பனில் அமினோ இல்லை. வரியே இல்லை. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில், ஸ்டெல்லாவைக் கேட்கவும்.

அடுத்த நாப்தலீன். ஸ்டெல்லாவைக் கேட்கவும். அடுத்தது. அதற்கடுத்தது. என் கையெழுத்தில் இருந்த நாலு நாப்தலீனுக்கும் என் பெயரே திரும்பி வந்தது.

கோ. சொன்னாள்: "அஞ்சு கை வந்துகினே இருந்திச்சு சார், ஏன்னு புரியல. அக்காதான் சொல்லியிருக்காங்க, கார்பனுக்கு நாலுக்கு மேல கேக்காதுன்னு. அதான் நேத்து எழுதிட்டேன், அஞ்சு வந்தா நிறுத்திட்டு அக்காவைக் கேளுன்னு."

ரா. சார்: "தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுது பாருங்க. அதுதான்மா எனக்கு வேணும். தப்பா சொல்ற மிஷினை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்னைப் பார்த்து, "பிரமாதமான பேரா பொறுக்கிக் குடுத்தீங்க ஸ்டெல்லா. இது இல்லேன்னா இந்த விஷயமே தெரிஞ்சிருக்காது."

இன்சார்ஜ் கோ. அங்கேயே, அப்போதே சொல்லிவிட்டார்.

எல்லாரும் எனக்கும் கை கொடுத்தார்கள். ஜெயித்தவளுக்குக் கொடுக்கிற மாதிரி. கோ. கட்டிப் பிடித்துக்கொண்டாள். கனகாம்பரம் என் மூக்கில் பட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நல்லவளாகவும் அவளே இருந்துவிட்டால் எனக்கு என்ன மிச்சம்.

13.11.92, வெள்ளி

லீவு. தலைவலி என்று பக்கத்துக் கடையிலிருந்து போன் செய்தேன்.

அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "உடம்பு சுடவே இல்லையேடி. என்ன தலைவலி?"

குடை சரியாகிவிட்டது. இரண்டு கம்பி போட்டிருக்கிறான், ஒன்றுதான் போயிருந்தது.

14.11.92, சனி

தூறல். ஆபீஸ் பாதி நாள்.

என் மேஜையில் பென்சில் டப்பா, கேடலாக், ஒரு கட்டுத் தாள். தாளில் நாற்பது ஐம்பது நாப்தலீன் பெயர்கள், ஒவ்வொன்றின் எதிரிலும் ஸ்டெல்லாவைக் கேட்கவும். மூர்த்தி அண்ணன், "இன்னாம்மா, மிஷினு உன் பேரயே ஜபிக்குது?" என்றார். உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது. வெட்கம் கெட்ட மனசு.

கோ. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்சார்ஜ் ஆகியும் அதே டிபன் பாக்ஸ், அதே அக்கா. "அந்த நடுவுல ஒட்டிகினு கீற ரெண்டு கார்பனை எப்படிக்கா எண்ணுறது? சொல்லிட்டீங்கன்னா இன்னிக்கே போட்டுடுவேன். பாவம், உங்களுக்கு இவ்ளோ வேலை."

சொன்னால் அந்த ஐம்பதிலிருந்தும் என் பெயர் போய்விடும். சொல்லாமல் எத்தனை நாள் இருக்க முடியும்? சொன்னேன். தாண்டித்தான் எண்ண வேண்டும், நாலுக்கு அப்புறம் ஒட்டுக் கார்பனை விட்டுவிட்டு அடுத்ததுதான் ஐந்து. "தோ, இவ்ளோதானா" என்று ஓடினாள். செருப்பைக் கழற்றும் சத்தம். அரை மணியில் புதுத் தாள். ஐம்பதும் சரி. ஒன்றில்கூட நான் இல்லை.

கிளம்பும்போது வந்து கேட்டாள். "மூணு வளையம் வருதே, ஆந்த்ரசீன். அதுவும் இதே மாதிரி தாண்டித் தாண்டி சுத்தி வந்தா போதும்தானேக்கா?"

அவளுடைய நாலு கைக் கணக்கு அங்கே உதவாது. நடு வளையத்தையும் வரிசையிலேயே எண்ணினால் ஒவ்வொரு கார்பனும் ஒழுங்காக நாலு கையோடுதான் வரும். நிற்காது, யாரையும் கேட்கச் சொல்லாது. அழகான, சுத்தமான, தப்பான வரி வெளியே போகும்.

ஆமா என்றேன்.

"நீங்க இல்லேன்னா நான் இன்னாக்கா பண்ணுவேன்" என்றாள்.

சாயங்காலம் அம்மா சர்ச்சுக்கு, பாவசங்கீர்த்தனத்துக்குக் கூப்பிட்டாள். கால் வலிக்கிறது என்றேன். தைலத்தை எடுத்து நீட்டினாள்.

15.11.92, ஞாயிறு

பூசைக்குப் போனேன். நற்கருணை வாங்க எழுந்திருக்கவில்லை, பாவத்தைச் சொல்லாமல் வாங்கக் கூடாது. அம்மா திரும்பிப் பார்த்தாள்.

நாளை காலை முதல் வேலையாகச் சொல்லிவிட வேண்டும். "மறந்துட்டேன் கோமதி, ஆந்த்ரசீன் மட்டும் வேற மாதிரி." அவ்வளவுதான். சுலபம்.

16.11.92, திங்கள்

மழை. எனக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். வாசலில் செருப்பு. பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி வழியாகக் கை ஆட்டினாள், நானும் ஆட்டினேன்.

சொல்லவில்லை.