கவிஞர் எழுதாத நான்கு ஆண்டுகள்

டீச்சர்,

நேற்று பெரகலயில் பஸ் நின்றபோது, முன் இருக்கை அம்மா ஒருவர் கைக்குட்டையில் யூக்கலிப்டஸ் தைலம் விட்டுக்கொண்டார். நீங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது போலிருந்தது. அப்புத்தளைப் பனி உங்களுக்கு ஒத்துக்கொண்டதே இல்லை. நம் ஆசிரியர் அறை முழுக்க அந்த வாசம்தான்.

உங்கள் மகள் ஏழு வயதில், மூன்று நாள் காய்ச்சலில் போனாள். ஒரு மாதம் கழித்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்குத் திரும்பினீர்கள். பேச்சு மட்டும் திரும்பவில்லை. கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டு ஜன்னலோரம் நிற்பீர்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியை நான். "ஆறு மாசமாச்சு டீச்சர், மனசத் தேத்திக்கங்க" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். நீங்கள் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது.

அந்தப் பள்ளித் தவணையில் பத்தாம் வகுப்புக்கு ஓர் ஆங்கிலக் கவிஞரின் வாழ்க்கையை நீங்கள் சொல்லித்தர வேண்டியிருந்தது. மலைகளைப் பாடி உலகப் புகழ் பெற்றவர், நாவல்களும் எழுதியவர். அவருடைய வாழ்க்கை வரலாற்று நூலைப் பதுளையிலிருந்து வாங்கிவந்து தந்தேன். மலைக்கவிதைகள் ஆறுதல் தருமென்று நினைத்தேனே தவிர, நான் அதைப் படித்திருக்கவில்லை.

மறுவாரம் புத்தகத்தை என் மேசையில் வைத்துவிட்டு, அத்தனை மாதங்களில் முதல்முறையாக வாய்திறந்தீர்கள்.

"இவருக்கும் ஒரு மக இருந்திருக்கா. அவ போனப்புறம் நாலு வருஷம் ஒரு வரி எழுதல. இவ்வளவு பெரிய கவிஞருக்கே வார்த்த வரல. எனக்கு ஆறு மாசத்துல வந்துரணுமா?"

"மன்னிச்சிருங்க டீச்சர்" என்றேன்.

அன்று வகுப்பில் அவர் பிறந்த ஊரையோ பெற்ற பட்டங்களையோ நீங்கள் சொல்லவில்லை. அந்த நான்கு ஆண்டுகளிலிருந்து தொடங்கினீர்கள். சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டு நின்றேன்.

"அப்புறம் எழுதினாரா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

"எழுதினாரு. நம்ம பாடப்புத்தகத்துல இருக்கிறது அதுக்கப்புறம் எழுதினதுதான்."

சொல்லி முடிக்குமுன் அழுதுவிட்டீர்கள். பிள்ளைகளும் அழுதார்கள். அதன்பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினீர்கள்.

போன வருடம் உங்கள் இருதயம் நின்றுபோனது. அஞ்சலிக் கூட்டத்தில் என்னைப் பேச அழைத்தார்கள். மைக் முன்னால் நின்றேன். ஒரு சொல்லும் வரவில்லை, இறங்கிவிட்டேன். வெட்கமாக இல்லை டீச்சர்.

சென்ற மாதம் எட்டாம் வகுப்புப் பிள்ளையொருத்தியின் தாய் தவறிப்போனாள். இடைவேளையிலும் அவள் இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எதுவும் கேட்கவில்லை, எதுவும் சொல்லவில்லை. மணியடித்து நான் எழுந்தபோது முந்தானையைப் பிடித்தாள்.

"நாளைக்கும் வருவீங்களா டீச்சர்?"

தினமும் போகிறேன்.