பின்னறையை இடிக்க ஆள்

மல்லசமுத்திரம்
3.2.2025

அன்புள்ள தம்பி சிவபிரகாஷுக்கு,

அக்கா சௌந்திரம் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. அனைவரும் என்று சொல்ல இங்கே நான் ஒருத்திதான் இருக்கிறேன், எனக்கு முழங்கால் வலி. அங்கே நீயும் கோகிலவாணியும் பிள்ளைகளும் நலமாகத்தான் இருப்பீர்கள். வீட்டை இடித்துக் கட்டும் அளவுக்கு வசதியாக இருக்கிறீர்கள் என்பது தெரிகிறது.

போன் செய்தால் உன் மனைவி ஸ்பீக்கரில் போடுகிறாள். நான் உன்னிடம் பேசுகிறேன், அவள் பதில் சொல்கிறாள், நீ பின்னாலிருந்து இருமுகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம். உன் ஆபீஸ் விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். நீ கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும், கிடைக்கவில்லை என்று பிறகு சொல்ல முடியாது.

பொங்கலுக்கு வந்தபோது ஒரு வரைபடத்தை என் கையில் கொடுத்து, முன்வீடு அப்படியே இருக்கட்டும், பின்னால் இருப்பதை மட்டும் இடிக்கக் குறைந்த கூலிக்கு ஆள் பார்த்து வை என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டாய். நீ போன பிறகு அதை விரித்துப் பார்த்தேன். ஒன்பது வருடமாக நான் சமைத்துச் சாப்பிட்டுப் படுத்து எழுந்திருக்கும் அறை இருக்கும் இடத்தில் ‘கார் நிறுத்துமிடம்’ என்று போட்டிருந்தது. வருடத்துக்கு இரண்டு முறை வருகிற கார். என் தலைக்கு மேல் இருக்கும் கூரையைப் பிரிக்க என்னையே ஆள் பார்க்கச் சொல்லியிருக்கிறாய். சொல்லும்போது உனக்கு நாக்கு கூசவில்லையா?

ஆனாலும் பார்த்தேன். இந்த வீட்டில் யார் எந்த வேலையைச் சொன்னாலும் செய்து பழகிய கழுதை நான்.

முதலில் ஜேசிபி வைத்திருக்கும் ஆட்டையாம்பட்டி கந்தவேலைக் கூப்பிட்டேன். சந்தின் அகலத்தைக் காலடி வைத்து அளந்து பார்த்துவிட்டு, “ஏனுங்கம்மா, எம்பட வண்டி இதுக்குள்ள நொழையோணும்னா மொதல்ல பக்கத்து ஊட்டத்தான் இடிக்கோணும்” என்று சிரித்தார். இன்னொன்றும் சொன்னார். பின்னறையும் முன்வீடும் ஒரே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றனவாம். வண்டியை வைத்து ஆட்டினால் முன்வீடும் விரிசல் விடும், கையால்தான் பிரித்து எடுக்க வேண்டும் என்றார். பெட்ரோல் செலவுக்குக்கூட எதுவும் வாங்கவில்லை.

அடுத்து சேலத்திலிருந்து ஒரு பழைய மர வியாபாரி வந்தார். வீட்டைத் தானே இடித்து, வரும் மரத்தைக் கூலிக்குப் பதிலாக எடுத்துக்கொள்கிறவர். இதுதான் உன் கைக்கு அடக்கம் என்று நினைத்தேன். அவர் உத்தரத்தை ஒரு குச்சியால் குத்தினார். மாவாகக் கொட்டியது. “கரையான் தின்னது போக எனக்கு என்னுங்க மிச்சம்? முன்னூட்டுத் தேக்குக் கதவையும் சேத்துக் குடுங்க, முடிச்சுத் தாரேன்” என்றார். அந்தக் கதவின் மேல் கை வைக்கக் கூடாது என்பது உன் உத்தரவு. சொன்னேன். போட்டு வைத்த டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். இந்த வீட்டில் கதவாகப் பிறந்திருந்தால் எனக்கும் கொஞ்சம் பாதுகாப்பு இருந்திருக்கும்.

மேட்டூரில் உடைக்கிற மெஷின் வைத்திருக்கும் ஒருவர் கேட்ட கூலியை உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீ கும்பிடுகிற கை ஒன்றைப் பதிலாக அனுப்பினாய்.

பதினோராவது நாள் மேச்சேரியிலிருந்து மாதேஷும் அவர் மனைவி ஜோதியும் வந்தார்கள். கடப்பாரையும் சம்மட்டியும்தான் அவர்களுடைய மெஷின். இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு கையாலேயே பிரித்து எடுப்பார்கள். செங்கல்லையும் ஓட்டையும் சுத்தம் செய்து அவர்களே விற்றுக்கொள்வார்கள், அதனால் கூலி குறைவு. நீ சொன்ன தொகைக்குள் வந்துவிட்டது. சந்தோஷப்படு.

எல்லாம் பேசி முடித்த பிறகு மாதேஷ் உள்ளே எட்டிப் பார்த்தார். காஸ் அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. “இதுல யாருங்க குடி இருக்கறது?” என்று கேட்டார். நான்தான் என்றேன். தோளில் இருந்த கடப்பாரையை இறக்கிச் சுவரில் சாய்த்துவிட்டார். “குடி இருக்கறவங்க அவுங்க கையால அடுப்பைத் தூக்கி வெளிய வெச்சு, இடிச்சுக்கோங்கன்னு வாயால சொல்லோணுமுங்க. சொல்லாத ஊட்டுல நாங்க கை வெக்க மாட்டோம்” என்றார். அது அவர்கள் கூட்டத்து வழக்கமாம். ஒருமுறை வாடகைக்கு இருந்தவர்கள் அழுதுகொண்டு நிற்கும்போதே இடித்ததில் சுவர் சரிந்து அவருடைய அண்ணனுக்குக் கால் போய்விட்டது என்றும் சொன்னார்.

நான் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

இப்போது உன்னைக் கேட்கிறேன். அடுப்பைத் தூக்கி வெளியே வைத்த பிறகு நான் அதை எங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும்? வரைபடத்தில் அதற்கு இடம் போடவில்லையே. ஒன்பது வருடத்துக்கு முன்னால், உனக்கு புனேயில் பிளாட் வாங்க வீட்டுப் பத்திரம் ஒரே பேரில் வேண்டும் என்று என்னிடம் என் பங்குக்கு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கினாய். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து, மாமியார் வீட்டில் இடமில்லாமல் நான் வந்து நின்ற வருடம் அது. தங்கமுத்து மாமா எதிரில் நீ என்ன சொன்னாய்? “அக்காளுக்கு உசுரு இருக்கற வரைக்கும் அந்தப் பின்னறை அக்காளுதுதான்” என்றாய். அதையும் பத்திரத்தில் எழுது என்று மாமா சொன்னார். கூடப் பிறந்தவனிடம் எழுதியா வாங்குவது என்று அவர் வாயை அடைத்தவள் நான். என் வாயில் மண்ணை அள்ளிப் போட வேண்டும்.

உன் கல்யாணத்தில் இணைச்சீர் செய்தவளும் நான்தான். சடங்கு செய்த அருமைக்காரர் நிற்க வைத்துக் கூறைப்புடவையின் ஒரு முனையை உன்னிடமும் மறுமுனையை என்னிடமும் கொடுத்தார். அக்காளைக் கடைசி வரை விட மாட்டான் என்று ஊருக்குச் சொல்லத்தான் அந்தச் சீர். உனக்கு போட்டோ எடுத்தது மட்டும் ஞாபகம் இருக்கும்.

பதிலை உன் கையால் எழுது. கோகிலவாணியை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
அன்புள்ள அக்கா,
சௌந்திரம்

*

புனே
14.2.2025

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. ஆபீஸ் விலாசத்துக்கு இனிமேல் அனுப்ப வேண்டாம். எல்லோர் முன்னிலையிலும் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டியதாயிற்று.

நான் கேட்டது ஒரு சின்ன உதவி. நீங்கள் அதற்குப் பழைய கதை எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். பத்திரம் சட்டப்படி முடிந்துபோன விஷயம். அன்றைக்கு நான் ஏதாவது சொல்லியிருந்தால் அது அந்த நேரத்துச் சூழ்நிலையில் சொன்னது. எனக்கும் இரண்டு பிள்ளைகள், இரண்டு கடன் தவணைகள் இருக்கின்றன. வீட்டைச் சரிசெய்து வாடகைக்கு விட்டால்தான் கட்டுப்படியாகும்.

உங்களை நடுத்தெருவில் விடுவதாக நினைக்க வேண்டாம். சேலம் பக்கம் ஒரு முதியோர் இல்லம் விசாரித்திருக்கிறேன். தோட்டம் இருக்கிறது, பொது ஹாலில் டிவி இருக்கிறது. பிடிக்காவிட்டால் வேறு இடம் பாருங்கள், ஆறு மாத வாடகை நான் தருகிறேன்.

வேலை பங்குனிக்குள் முடிய வேண்டும். அந்த ஆள் மூடநம்பிக்கை பேசினால் வேறு ஆளைப் பாருங்கள். இல்லையென்றால் அவர் கேட்பதைச் சொல்லிவிடுங்கள். ஒரு வார்த்தைதானே.

பின்பக்கம் இருக்கும் ஆட்டுக்கல்லை உடையாமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அதில் மண் நிரப்பிப் பூச்செடி வைக்க வேண்டும் என்று கோகிலா ஆசைப்படுகிறாள்.

இப்படிக்கு,
சிவபிரகாஷ்

*

மல்லசமுத்திரம்
2.3.2025

தம்பி சிவபிரகாஷுக்கு,

‘அன்புள்ள’ என்று போடக் கை வரவில்லை, மன்னித்துக்கொள். பேச்சு வந்த நாளிலிருந்து என்னை ‘நீ’ என்று கூப்பிட்டவன் ‘நீங்கள்’ என்று டைப் அடித்து அனுப்பியிருக்கிறாய். இந்த ஊரில் வாங்கியதை இல்லை என்று சொல்லப் போகிறவர்கள்தான் திடீரென்று இப்படி மரியாதை கொடுப்பார்கள்.

எனக்கு வயது ஐம்பத்தெட்டு. உன் ஆபீஸில் அந்த வயதில் மேனேஜராக இருப்பார்கள். எனக்கு நீ முதியோர் இல்லம் பார்த்திருக்கிறாய். அங்கே தோட்டம் இருந்தால் உன் மாமியாரைக் கொண்டுபோய் விடு, அவர்களுக்குத்தான் பூச்செடி பிடிக்கும்.

நீ சொன்னபடி வேறு ஆளையும் பார்த்தேன். ராசிபுரத்திலிருந்து இரண்டு பேர், மாதேஷைவிடக் குறைந்த கூலிக்கு வந்தார்கள். காலை பத்து மணிக்கே குடித்திருந்தார்கள். யார் இருக்கிறார்கள், என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் உள்ளே சோறு வடித்துக்கொண்டிருக்கும்போதே வெளியிலிருந்து சம்மட்டியை ஓங்கிச் சுவரில் போட்டார்கள். காரை பெயர்ந்து சோற்றுப் பானையில் விழுந்தது. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் துரத்தினேன். முழங்கால் வலி அன்றைக்கு எங்கே போனது என்று தெரியவில்லை. உனக்குத் தகுந்த ஆட்கள் அவர்கள்தான்.

அதன் பிறகு மாதேஷுக்குப் போன் செய்தேன். வியாழக்கிழமை நான்கு பேரும் வந்து, வாசற்படிக்கு வெளியே வரிசையாக நின்றார்கள். வீட்டுக்காரன் என் தம்பி, அவன் புனேயில் இருக்கிறான், போன் போட்டுத் தருகிறேன், சொல்ல வேண்டியதை அவன் வாயால் சொல்லட்டும் என்றேன். மாதேஷ் கேட்கவில்லை. “பத்தரத்துல யாரு பேரு இருந்தா எங்களுக்கு என்னுங்க? உலை வெக்கறவங்கதான் சொல்லோணும். வேண்டாம்னு சொன்னாலும் சரிங்கம்மா, நாங்க பஸ் ஏறிப் போயிருவோம். உங்க மேல வருத்தம் ஒண்ணுமில்ல” என்றார்.

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னைக் கட்டிக் கொடுத்தபோது அப்பா என்னைக் கேட்கவில்லை. கட்டிக்கொண்டவர் போன பிறகு தாலியைக் கழற்றியபோது யாரும் கேட்கவில்லை. விடுதலைப் பத்திரத்தில் ‘மனப்பூர்வமாக’ என்று எழுதியிருந்தது, அதையும் எழுதிக் கொண்டுவந்து நீட்டினாயே தவிர நீ கேட்கவில்லை. மேச்சேரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த ஒரு மனிதர், அன்றைய கூலி போனாலும் பரவாயில்லை என்று, என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். உன் தொகைக்கு வேறு யாரும் வர மாட்டார்கள், நீ லீவு போட்டு ஓடி வந்திருக்க வேண்டும். டீ கொதிக்கும் நேரம் அதை யோசித்தேன், ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் உன் கடிதத்தைப் படித்த பிறகு அந்த அறையில் வைக்கும் சோறு எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. ஒன்பது வருடமாக என் இடம் என்று நினைத்துப் பெருக்கிக்கொண்டிருந்தேன். உன் தயவில் ஒண்டிக்கொண்டிருந்தேன் என்று நீ எழுதித்தான் தெரிந்தது.

அடுப்பை நானே தூக்கி வெளியே வைத்தேன். சிலிண்டரை ஜோதி ஒரு பக்கம் பிடித்தாள். துணிப் பெட்டி, அவருடைய போட்டோ, பாத்திரம், எல்லாம் நான்கு நடையில் முடிந்துவிட்டது. பிறகு சந்தில் நின்று, “இடிச்சுக்கோங்க சாமி” என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது. ஜோதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அழவில்லை. அழுவேன் என்று நீ நினைத்திருப்பாய்.

இரண்டு நாளில் வேலை முடிந்தது. ஒட்டி இருந்த சுவரை உளி வைத்து அறுத்து எடுத்தார்கள், உன் முன்வீட்டில் ஒரு கீறல் இல்லை. மழைத் தண்ணீர் இறங்காமல் இருக்க அந்தப் பக்கம் பூசியும் கொடுத்தார்கள், அதற்குத் தனியாகக் கூலி கேட்கவில்லை. தேக்குக் கதவு பத்திரமாக இருக்கிறது. சாவி தங்கமுத்து மாமாவிடம் இருக்கிறது. அவர் உன்மேல் கோபமாக இருக்கிறார், போனில் பேசும்போது காதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள். கார் தாராளமாக நிற்கும்.

ஆட்டுக்கல்லை நான் எடுத்துக்கொண்டேன். அதில் இன்னும் மாவு ஆட்டுகிறேன் என்று உன் மனைவியிடம் சொல். பூச்செடிக்குக் கடையில் தொட்டி கிடைக்கும்.

அடுத்த தெருக் குஞ்சம்மாள் வீட்டு விசைத்தறிப் பட்டறைக்குப் பின்னால் ஒரு அறை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். பகலில் அங்கேயே தறிக்குத் தார் நூல் சுற்றுகிறேன். நூல் பிடிக்க இன்னும் விரல் பழகவில்லை, குஞ்சம்மாள் திட்டுகிறாள், நானும் திருப்பித் திட்டுகிறேன். வாடகைச் சீட்டை என் பேரில் எழுதித்தான் வாங்கினேன். உன் ஆறு மாத வாடகையை அனுப்பாதே, அனுப்பினால் திரும்பி வரும்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் மாமா உனக்குத்தான் முதலில் போன் செய்வார். நீயும் பிறந்த வீட்டுக் கோடித் துணி எடுத்துக்கொண்டு முதல் விமானத்தில் வந்து நிற்பாய், ஊரார் பார்ப்பார்கள் அல்லவா. அந்தத் துணியை என் உடம்பின் மேல் போட விடக் கூடாது என்று மாமாவிடமும் குஞ்சம்மாளிடமும் சொல்லி வைத்துவிட்டேன். அதற்காக வராதே.

நீயும் உன் பிள்ளைகளும் நோய் நொடி இல்லாமல் இருங்கள். வருவதென்றால் அதற்கு முன்னால் வா. இங்கே தறிச் சத்தத்தில் வெளியே நின்று கூப்பிட்டால் எனக்குக் கேட்காது. நேரே உள்ளே வந்துவிடு.

இப்படிக்கு,
உன் அக்கா,
சௌந்திரம்