மூக்கு போதும் என்றேன்

சிங்கம்புணரி
கார்த்திகை 18

அன்பு மகள் சத்தியப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. அங்கே ஆஸ்திரேலியாவில், டார்வினில் உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது. என் உடம்பைப் பற்றிப் போனில் கேட்டால் ‘நல்லா இருக்கேன்’ என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது, அதனால்தான் இந்தக் கடிதம். கண்மாயில் முக்கால் தண்ணீர், நடவு முடிந்தது.

உன் ஆலையில், கடலுக்கடியிலிருந்து குழாயில் கரைக்கு வரும் கேஸைச் சுத்தம் பண்ணி, குளிரவைத்துத் திரவமாக்கிக் கப்பலில் ஏற்றுவதைப் போன லீவில் விளக்கினாயே. சுத்தம் பண்ணுமுன் அதில் அழுகின முட்டை நாற்றத்தோடு ஒரு விஷவாயு இருக்கும், கூடிப்போனால் மூக்கு மரத்துவிடும் என்றாய். ‘நாத்தம் நின்னுபோச்சுன்னா நல்லதுன்னு நெனைச்சிராதீகப்பா, அப்பத்தான் ஓடணும்’ என்றும் சொன்னாய். உன்னை நினைத்துத்தான் பயந்தேன். நம் அடுப்படியில் கேஸ் கசிந்தால் கத்துகிற கருவியை நீ மாட்ட வந்தபோது, முப்பது வருஷம் மின்வாரியத்தில் கம்பம் ஏறியவனுக்கு மூக்கு போதும் என்று தடுத்துவிட்டேன்.

ஆடியில் வந்த காய்ச்சலோடு அந்த மூக்கு போய்விட்டது. ரசமும் வெந்நீரும் எனக்கு ஒன்றுதான். சொன்னால் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பாய் என்று மறைத்தேன். போன வெள்ளிக்கிழமை பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கிறது, நான் முன்கட்டில் பேப்பர் படித்துவிட்டு வந்து, அடுப்படி சாமி மாடத்தில் விளக்கேற்றத் தீப்பெட்டியை எடுத்தேன். கொல்லை வழியாக உறைமோர் கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாயி என் கையைத் தட்டிவிட்டு, ‘வீடே கேஸ் நாறுது, தீப்பெட்டியோட நிக்கிறீகளேண்ணே’ என்று கத்தினாள். எனக்கு ஒன்றும் நாறவில்லை. அவளே சிலிண்டரை மூடி, சன்னலையெல்லாம் திறந்துவிட்டாள். பயந்துவிட்டேனம்மா. கேட்காமல் உள்ளே வருகிறாள் என்று அவளைத் திட்டிக் கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வைத்தவன் நான். அன்றைக்குப் போட மறந்திருந்தேன், அவ்வளவுதான். மறுநாளே தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். நீ விட்டுப்போன கருவியையும் நானே மாட்டினேன், சிலிண்டர் கேஸ் கீழேதான் தங்குமாம், அதனால் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். அது கத்துகிறதா என்று பொன்னுத்தாயி நாளுக்கு இரண்டு தடவை வந்து பார்க்கிறாள், மோரும் போகிறது.

இதற்காக ஓடிவராதே, சொன்னபடி தைக்கு வா. சேவுகப்பெருமாள் ஐயனார் உன்னைக் காப்பார். அந்த விஷவாயு வந்தால் கத்துமென்று நெஞ்சில் மாட்டுகிற கருவியை வேலை நேரத்தில் ஒரு நிமிஷம்கூடக் கழற்றாதே. எனக்குப் பொன்னுத்தாயி இருந்தாள். உன் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

அன்புள்ள அப்பா,
வீரையா